டிசம்பரில் போங்கள்

ஏப்ரல் 30, 2024. செவ்வாய்

கல்கத்தாவில் 43 டிகிரி. கலைகுண்டாவில் 47ஐத் தாண்டிவிட்டதாம். குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. பால்கனி மண்சட்டியில் ஒரு மைனா, ஒரு காக்கை, ஒரு கொண்டைக்குருவி. மூன்றும் அலகைப் பிளந்துகொண்டு பக்கம் பக்கமாக. சண்டை போடத் தெம்பில்லை.

சுந்தரவனத்துக்குப் பணம் கட்டியாயிற்று. மே 25, 26. இவரிடம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தான் சொன்னேன். இன்னொரு டம்ளர் மோர் ஊற்றிக்கொண்டார். அதுதான் பதில்.

மே 2. வியாழன்

எதிர் ஃப்ளாட் பௌதி: இந்த வெயிலிலா? டிசம்பரில் போங்கள். பெரியவள் போனில்: டிசம்பர்ல போயேம்மா. காய்கறிக்காரன் மட்டும்தான் பாக்கி.

டிசம்பரில் போயிருக்கிறேன். லாஞ்ச் கொள்ளாத கூட்டம், மேல்தளத்தில் ஸ்பீக்கர், ஆட்டுக்கறி வாசனை. கரைச் சேற்றில் வடக்கிலிருந்து வந்த உள்ளான்கள். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் தேடும் பிட்டாக் குருவி வாயைத் திறக்காது. அது கூப்பிடுவது சித்திரை, வைகாசியில். ஜோடி தேடுகிற காலம். வாய் திறக்காத பிட்டாவை அந்தச் சேற்றுக்காட்டில் எங்கே என்று தேடுவது.

தம்பி போன். ஊர் வீட்டு மேல் போர்ஷன் பூச்சுவேலை முடிந்ததாம். எப்போக்கா வர்றீங்க என்றான். கரண்ட் போகுது, அப்புறம் பேசறேன் என்றேன். கரண்ட் இருந்தது.

மே 4. சனி

கத்திரி ஆரம்பம். இங்கே பஞ்சாங்கம் வேறு, வேர்வை ஒன்றுதான்.

வலது முழங்கால். ஏறும்போது இல்லை, இறங்கும்போது. டாக்டர் தினமும் நட என்கிறார், படி வேண்டாம் என்கிறார். சுந்தரவனத்துச் சஜ்னேகாலி டவரில் லிஃப்ட்டா வைத்திருக்கிறார்கள்?

மே 6. திங்கள்

சாயங்காலம் காலபைசாகி. ஒரே நிமிஷத்தில் வானம் கறுத்து, ஜன்னல் கதவெல்லாம் அடித்துக்கொண்டு. கொடித் துணியை எடுக்க மொட்டைமாடிக்கு ஓடினேன். முழங்கால் ஞாபகமே இல்லை. துணி நனைந்தது, நானும் நனைந்தேன், கீழே வர மனமில்லை. இவர் துண்டைக் கொண்டுவந்து மாடிக் கதவில் தொங்கவிட்டுவிட்டுப் போனார்.

மே 7. செவ்வாய்

நேற்று மின்னலிலும் காற்றிலும் மாநிலம் முழுக்கப் பலர் செத்திருக்கிறார்கள். பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். நேற்றைய சந்தோஷம் கூசுகிறது. ஆனாலும் ராத்திரி நன்றாகத் தூங்கினேன், அதுவும் உண்மை.

மே 11. சனி

விடியும் முன்னாலேயே பறவைத் தோழி தீதியின் கார். சயன்ஸ் சிட்டி தாண்டி பாசந்தி ஹைவே. இந்த ஊரில் அஞ்சு மணிக்கே பளீரென்று வெளிச்சம். சாலையின் இரண்டு பக்கமும் பேரிகள், மீனுக்காகக் கட்டிவைத்த தண்ணீர். மூக்குக்கு முதல் பத்து நிமிஷம் கஷ்டம். அப்புறம் பழகிவிடும்.

ஊர்ச் சாக்கடையில் பெரும்பங்கு இங்கேதான் வருகிறது. இடுப்பளவுகூட இல்லாத தண்ணீரில் வெயில் விழுகிறது, பாசி வளர்கிறது, மீன் பாசியைத் தின்கிறது, மீனை நாங்கள் தின்கிறோம். எண்பதுகளில் துருபஜ்யோதி கோஷ் என்ற இன்ஜினியர், இந்தச் சாக்கடை கடைசியில் எங்கேதான் போகிறது என்று தேடி வந்தவர். அவர் விடாமல் மன்றாடித்தான் 2002ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 12,500 ஹெக்டேர். தீதி அவர் பேச்சை நேரில் கேட்டிருக்கிறாள். 2018ல் போய்விட்டார். அவள் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எங்களுக்குப் பின்னால் ஒரு லாரி கட்டட இடிபாட்டைக் கரையோரம் கொட்டியது. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். ஒன்றும் சொல்லவில்லை. லாரிக்காரனிடம் என்ன சொல்வது.

நத்தைகுத்தி நாரை வரப்பு முழுக்க. நீர்க்காகம். மடையான், கல்யாணக் கோலத்தில், முதுகெல்லாம் அரக்கு நிறம். குளிர்காலத்தில் இதைச் சேற்றிலிருந்து பிரித்துப் பார்க்கவே முடியாது.

அப்புறம் நீளவால் இலைக்கோழி. முழு வால் வந்திருந்தது. பிடரியில் தங்கப்பூச்சு. ஆகாயத்தாமரை இலைமேல் நடக்கிறது. விரல் ஒவ்வொன்றும் அதன் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளம், நுனியில் இன்னும் நீளமாக நகம். கால் வைத்ததும் இலை ஒரு விரற்கடை அழுந்துகிறது, ஓரத்தில் தண்ணீர் ஏறுகிறது, அது நடு இலைக்கு வருவதற்குள் அடுத்த கால் அடுத்த இலையில். அவசரமே இல்லை. பைனாகுலரை இறக்கவே தோன்றவில்லை, கை மரத்துப்போனது.

இதில் முட்டையை அடைகாப்பது ஆண். பெண் ஒருவனிடம் முட்டையை ஒப்படைத்துவிட்டு அடுத்தவனிடம் போய்விடும். வந்ததும் இவரிடம் சொன்னேன். நல்ல பறவை என்றார்.

மே 12. ஞாயிறு

தீதி வீட்டில் டீ. சால்ட் லேக். இதுவும் ஏரியாக இருந்த இடம்தான். அறுபதுகளில் ஹூக்ளி ஆற்று வண்டலைக் குழாயில் கொண்டுவந்து தூர்த்து மேடாக்கிய ஊர். அதன் மேல் கட்டிய வீட்டின் வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டு சதுப்புநிலத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று ஒன்றரை மணி நேரம் பேசினோம். டீ நன்றாக இருந்தது.

ஷூவில் பேரி நாற்றம். இரண்டு தரம் கழுவியும் போகவில்லை.

மே 17. வெள்ளி

பிட்டாவின் குரலைப் போனில் போட்டுப் போட்டுக் கேட்கிறேன். இரண்டே ஸ்வரம், கீழிருந்து மேலே இழுத்து, இன்னொரு தரம். சமைக்கும்போதும். அந்த விசிலை நிறுத்து, குக்கர்னு நினைச்சு ரெண்டு தடவை எழுந்து வந்துட்டேன் என்றார்.

வேதாரண்யத்தில் அதன் பங்காளி வரும். ஆறுமணிக்குருவி. மழைக்காலம் தொடங்குகிற சமயம் வடக்கிலிருந்து பறந்து பறந்து களைத்துக் கொல்லையில் வந்து விழும். அப்பா ஒன்றைக் கூடையால் மூடி ராத்திரி முழுக்கப் பூனையிடமிருந்து காப்பாற்றி, விடிந்ததும் விட்டார். வேலியைத் தாண்டிக் கோடியக்கரைப் பக்கம் போயிற்று. அந்தப் பச்சையும் நீலமும் இன்னும் கண்ணில் இருக்கிறது. அது வந்து போகிற பறவை. இங்கே அலையாத்திக் காட்டில் இருப்பது எங்கேயும் போகாது.

தம்பி வாட்ஸப்பில் மேல் போர்ஷன் போட்டோ. சுவருக்கு இளம்பச்சை. நான் கேட்கவே இல்லை.

மே 22. புதன்

வைகாசி விசாகம். லேக் மார்க்கெட்டில் மல்லிகை முழம் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். முருங்கைக்காய் மட்டும்.

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு. இவர் பேப்பரைச் சத்தமாக வாசித்தார். வேண்டுமென்றேதான்.

மே 23. வியாழன்

பௌர்ணமி. பையில் எல்லாம் வைத்தாயிற்று. பைனாகுலர், ஓ.ஆர்.எஸ்., முழங்கால் பட்டை, ஓடோமாஸ், தொப்பி. புளியோதரை மிக்ஸ். தாழ்வு ஒடிஷாப் பக்கம் திரும்பினாலும் திரும்பும். அங்கேயும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று உடனே தோன்றியது. இருந்தாலும் திரும்பட்டும்.

மே 24. வெள்ளி

டூர்காரர் போன். ரத்து. படகு எதுவும் ஓடாது.

இவர் புயல் கணக்குச் சொல்கிறார்: அய்லா 2009 மே 25. ஆம்பன் 2020 மே 20. யாஸ் 2021 மே 26. மே மாசத்தைப் பார்த்து டிக்கெட் போட்டாயே, நீ கணக்கு டீச்சர்தானா? பிட்டாவுக்கும் மேதானே மாசம், நான் என்ன செய்ய. சாப்பிடாமல் படுத்தேன். பத்தரைக்கு எழுந்து தயிர்சாதம்.

மே 26. ஞாயிறு

ரேமல் புயல். மத்தியானம் பன்னிரண்டுக்கு ஏர்போர்ட்டை மூடிவிட்டார்கள். இந்நேரம் சஜ்னேகாலியில் இருந்திருக்க வேண்டும். இல்லாததும் நல்லதுதான். ரெண்டும் மாறி மாறி.

தம்பி இரண்டு தரம் போன். கஜா ராத்திரி ஞாபகம் வந்துடுச்சுக்கா என்றான். 2018 நவம்பரில் அந்த வீட்டு ஓடெல்லாம் போனபோது நான் இங்கே டிவி முன்னால். இன்றைக்கு அவன் அங்கே டிவி முன்னால். பேசிக்கொண்டிருக்கும்போதே இங்கே நிஜமாகவே கரண்ட் போயிற்று.

ராத்திரி பதினொன்று. கண்ணாடி நடுங்குகிறது. எதிர்க் கட்டடத்தில் ஏதோ தகரம் விடாமல் அடிக்கிறது. சுந்தரவனத்துக் கோசாபாவில் மண் கரைக்குப் பின்னால் படுத்திருக்கிறவர்கள் எப்படி இருப்பார்கள். மெழுகுவர்த்தி தீரப்போகிறது.

மே 27. திங்கள்

பார்க் ஸ்ட்ரீட் மெட்ரோவில் தண்ணீர். எங்கள் தெருவில் கணுக்காலுக்கு மேல். ஏர்போர்ட் இருபத்தோரு மணி நேரம் கழித்துத் திறந்தது.

சாயங்காலம் மழை விட்டதும் ரவீந்திர சரோவர் வரை போனேன். முழுசாக விழுந்த ஒரு கிருஷ்ணசூடா, பூவோடு. பக்கத்தில் காக்கைக் கூடு ஒன்று. பாதிக்குப் பாதி கம்பி. கட்டுக்கம்பி, ஹேங்கர் கம்பி, கறுப்பு ஒயர். உள்ளே தேங்காய் நாரும் தலைமுடியும் வைத்து மெத்தென்று. முட்டை இல்லை, குஞ்சு இல்லை. அதை எடுக்கப் போனேன், மேலேயிருந்து ஒரு காக்கை தலையில் கொத்த வந்தது. இன்னும் அது அதன் வீடு போலிருக்கிறது. வைத்துவிட்டு வந்தேன்.

மே 29. புதன்

டூர்காரர் பணம் தரமாட்டாராம். வேறு தேதி வேண்டுமானால் தருவாராம். அரை மணி நேரம் சண்டை, வங்காளியில். கோபம் வந்தால் எனக்கு வங்காளி நன்றாக வருகிறது. ஜூன் 8, 9.

ஊருக்கு ஒரு தரம் போய் வீட்டைப் பார்த்துவிட்டு வரலாமே என்று இவர். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ம் என்றேன்.

ஜூன் 1. சனி

ஓட்டுப் போட்டாயிற்று. வரிசையில் பௌதி. மறுபடி போறீங்களா? டிசம்பரில்தானே போவார்கள்? விரல் மையைக் காட்டிப் பேச்சை மாற்றினேன்.

ஜூன் 5. புதன்

வட வங்கத்துக்கு 31ஆம் தேதியே வந்த பருவமழை இஸ்லாம்பூரோடு நின்றுவிட்டது. இங்கே புழுக்கம். தலையணை ஈரம். எதற்குப் போகிறேன் என்றே தெரியவில்லை. முழங்கால் வீங்கியிருக்கிறது. போகாவிட்டால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அதுதான் எரிச்சல்.

ஜூன் 8. சனி. பாக்கிராலய்

வந்துவிட்டேன்.

பாந்தாலாவில் தோல் பதனிடும் நாற்றம், கட்டக்புகூர், மாலஞ்சா, அப்புறம் செங்கல் சூளைகள், இறால் பண்ணைகள். கோத்காலி போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல். படகுத்துறையில் முழங்கால் மடங்க மறுத்தது. படகில் ஏற ஒரு பையன் கை கொடுத்தான். பாட்டி என்று கூப்பிட்டான் அந்தப் பயல்.

கரையெல்லாம் ரேமல் வேலை. நீலத் தார்ப்பாய் போட்ட கூரைகள். ஓரிடத்தில் பெண்கள் வரிசையாகத் தலையில் சேற்றுக் கூடை தூக்கிக் கரையை அடைத்துக்கொண்டிருந்தார்கள். அமாவாசை கழிந்து இரண்டாம் நாள், ஏற்றம் பெரிதாக வரும், அதற்குள் முடிக்க வேண்டுமாம். படகோட்டி மாஜி சொன்னார்: இந்தத் தடவை தண்ணீர் உள்ளே வரவில்லை, அதனால் தப்பித்தோம். அய்லாவில் வந்த உப்பு மூன்று வருஷம் நெல் விளைய விடவில்லை. 102 தீவில் 54ல் மனிதர்கள். எல்லாம் இந்த மண் கரையை நம்பித்தான். படகில் போகிறவளுக்கு வெட்கமாக இருந்தது. பைனாகுலரைக் கீழே இறக்கினேன். கொஞ்ச நேரம்தான்.

எங்கள் லாஞ்சில் இன்னொரு குடும்பம். அவர்களுக்கு மாமா வேண்டும். புலியை இங்கே பெயர் சொல்ல மாட்டார்கள். சுமார் 100 இருக்கிறதாம். சேற்றில் பாதச்சுவடு மட்டும் பார்த்தோம், புதுசு. காட்டோரம் நெடுக நைலான் வலை. அந்தப் பெரியவர் கைடைத் திட்டினார். புலியை அவன் எங்கே போய் அழைத்து வருவான்.

பழுப்புச் சிறகு மீன்கொத்தி, பெருத்த சிவப்பு அலகு. வெண்கழுத்து மீன்கொத்தி. முதலை ஒன்று வாயைத் திறந்தபடி, பக்கத்திலேயே ஒரு வெள்ளைக் கொக்கு, துளிப் பயமில்லாமல். தூரத்தில் வழுக்கைத் தலையோடு மதன்டாக் நாரை. அதன் பெரியண்ணன் ஹாட்கிலா ஒரு காலத்தில் கல்கத்தா முழுக்க மாடிக் கைப்பிடிச் சுவர்களில் நின்று குப்பை தின்றது. பழைய நகராட்சிச் சின்னத்தில் இரண்டு பக்கமும் அதுதான், வாயில் பாம்போடு. இப்போது பார்க்க வேண்டுமானால் அசாமுக்கோ பீகாருக்கோ போக வேண்டும்.

சேற்று மேட்டில் ஒரே ஒரு விம்ப்ரல். ஜூன் மாசத்தில். கூட்டமெல்லாம் எப்போதோ வடக்கே போய்விட்டது. இளசுகள் முதல் வருஷம் போகாது என்று தீதி சொல்லியிருக்கிறாள். இது இளசு மாதிரியும் தெரியவில்லை. நிதானமாக நண்டு பிடித்துக்கொண்டிருந்தது. ஊருக்குப் போகலையா என்று யாரும் அதைக் கேட்கவில்லை.

பிட்டா இல்லை. மத்தியானம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. வேர்வை கண்ணில் இறங்கி எரிகிறது. லாஞ்ச் கக்கூஸைப் பற்றி எழுத மாட்டேன். இனிமேல் வெயில் காலத்தில் எங்கேயும் கிளம்புவதில்லை.

ராத்திரி பார்ஷே மீன் குழம்பு, கடுகரைத்தது. மூன்று துண்டு. எழுதும்போதுகூட வாயில் ருசி.

ஜூன் 9. ஞாயிறு

நாலரைக்கு விழிப்பு. ஃபேன் நின்றிருந்தது. வெளியே வந்து ஆற்றங்கரையில் நிற்கிறேன், எதிர்க்கரைக் காட்டிலிருந்து அது. போனில் கேட்டதே இல்லை இந்தக் குரல். போனில் குக்கர் விசில்தான். இங்கே ஆற்றைத் தாண்டி வருகிறது. ஒன்று. அப்புறம் வேறொரு பக்கத்திலிருந்து இன்னொன்று. அப்புறம் மூன்றாவது, கீழே சஜ்னேகாலிப் பக்கம். செருப்பு போடவில்லை, கால் சேற்றில், கொசு. நகரவில்லை.

சஜ்னேகாலி திறந்ததும் முதல் ஆளாக இறங்கினேன். வனதேவி பொன்பீபிக்கு ஒரு கும்பிடு. டவருக்குப் போகவில்லை, முழங்காலுக்கு நன்றி. கைடு பையன் என்னை மட்டும் கம்பி வேலியோரம் நிற்க வைத்தான். அசையாதீங்க மாஷிமா. ஹேந்தால் புதருக்கு அடியில், வேர் முளைகளுக்கு நடுவில், முதலில் ஒரு இலை தானாகப் புரண்டது. அப்புறம்தான் பறவை. முதுகு பச்சை. கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம் இல்லை, கறுப்பு முகமூடி மட்டும். அலகு அந்த உடம்புக்கு ரொம்பப் பெரிசு. சின்ன நண்டு ஒன்றை எடுத்து வேரில் இடது பக்கம் ஒரு அடி, வலது பக்கம் ஒரு அடி, கால்கள் உதிர்ந்ததும் விழுங்கிற்று. ஒரு தத்தலில் தோளின் நீலம் பளிச்சென்று. வாலடியில் சிவப்பு. அவ்வளவுதான், புதருக்குள்.

கத்தவில்லை. அழவும் இல்லை. தண்ணீர் குடித்தேன். பெரிய சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். பசிதான் வந்தது.

திரும்பும்போது கோசாபா தாண்டியதும் அந்தப் பெரியவர்: மாமா கிடைக்கவில்லை, டிசம்பரில் மறுபடி வர வேண்டும். எனக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது, நிறுத்த முடியாமல்.

ஜூன் 10. திங்கள்

உடம்பு முழுக்க வலி. கழுத்து கறுத்துவிட்டது. கொசுக்கடி எண்ணி முடியவில்லை. இவர் பார்த்தாயா என்றார். பார்த்தேன் என்றேன். எப்படி இருந்தது? நண்டு தின்றது என்றேன். சரி என்று காபி போட்டுக் கொடுத்தார், தண்ணீராக.

ஜூன் 16. ஞாயிறு

தம்பி. ஆடிக்கு முன்னால பால் காய்ச்சிடலாமா அக்கா? யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றும் இல்லை என்பது பேசும்போதே தெரிந்தது.

ஜூன் 21. வெள்ளி

தெற்கு வங்கத்துக்கும் பருவமழை வந்துவிட்டதாக இன்று அறிவித்தார்கள். மழை சுமார்தான்.

பௌதிக்குப் பேரனைச் சுந்தரவனம் கூட்டிப்போக வேண்டுமாம், டிசம்பர் லீவில். எந்த லாஞ்ச் நல்லது என்று கேட்டாள். வைகாசியில் போங்கள் என்றேன். வேடிக்கை என்று நினைத்துக்கொண்டாள்.

ராத்திரி தம்பிக்கு நானே போன் செய்தேன். நாங்கள் வரவில்லை, மேல் போர்ஷனை வாடகைக்கு விட்டுவிடு என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர் கேட்டுக்கிட்டிருக்கார், நாலாயிரம் தர்றேங்கிறார் என்றான். இவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல், ஐயாயிரம் கேட்கச் சொல் என்றார்.

நாலாயிரத்து ஐந்நூறுக்கு முடிந்தது. ஜூலை ஒன்றாம் தேதி குடிவருகிறார்.